காலரில் தைத்த நம்பர்

கோழிக்காரியின் தம்பிக்குத் தோளெலும்பு உடைந்தது பட்டப்பகலில், கடை நிறைய ஆள் நிற்கும்போது. உடைத்தது எடைக்கல். அதை வீசியது அவள் புருஷன். என்ன காரணம் என்று கேட்டால் சொல்லவே வெட்கமாக இருக்கும். தம்பி வண்டியிலிருந்து கோழிக்கூண்டை இறக்கும்போது கை நழுவி, கூண்டு தரையில் டமாரென்று விழுந்துவிட்டது. அவ்வளவுதான் அவன் செய்த குற்றம்.

கோழி வாங்க வந்தவர்கள் காசையும் பையையும் விட்டுவிட்டு ஓடினார்கள். தம்பி வெந்நீர் அண்டாவுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து கிடந்தான். அடுத்த எடைக்கல்லை எடுத்துக்கொண்டு நின்ற புருஷனின் கையில் அவள் தொங்கினாள். தொங்கினாள் என்று சும்மா சொல்லவில்லை, கால் தரையில் படவில்லை. அவன் அவளையும் சேர்த்து ஒரு உதறு உதறினான். அவள் இறகு பிடுங்கும் மிஷின் மேல் போய் விழுந்தாள். நல்லவேளை, அப்போது மிஷின் ஓடவில்லை.

பிறகு அவன் கல்லைக் கீழே வைத்துவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து, "தண்ணி குடு" என்றான். நடந்தது எதுவும் அவனுக்கு நினைவில்லை. தம்பி முனகுவதைப் பார்த்து, "இவனுக்கு என்ன ஆச்சு?" என்று வேறு கேட்டான்.

தெருவில் அவனுக்குப் பட்டாளத்தான் என்று பெயர். தலையில் கட்டோடு பட்டாளத்திலிருந்து வந்து இறங்கியவன், இனி உனக்கு அங்கே வேலையில்லை என்று அனுப்பிவிட்டார்கள் என்று மட்டும் சொன்னான். அன்றிலிருந்து பெண்டாட்டியின் கடையில் கோழி வெட்டுகிறான். வேலையில் குறை சொல்ல முடியாது. கோழியைத் தகரக் கூம்பில் தலைகீழாகச் செருகி, ஒரே இழுப்பில் முடித்து, அது அடங்கும் மட்டும் உள்ளங்கையால் பிடித்துக்கொள்வான். வெந்நீரில் முக்குவது, மிஷினில் போடுவது, துண்டு போடுவது, நிறுப்பது, வாடிக்கைக்காரர்களோடு மல்லுக்கட்டுவது எல்லாம் அவள். கத்தி பிடித்துப் பிடித்து அவள் கையும் கனத்த கைதான். ஆனால் அவன் கண் நிலைகுத்தி, நெற்றிப்பொட்டு துடிக்க ஆரம்பித்தால், அந்தக் கையும் தாங்காது. மூன்று வருஷமாகத்தான் இப்படி. முதலில் மாதத்துக்கு ஒரு முறை என்று இருந்தது. இப்போது சத்தம் எதுவானாலும் போதும் என்று ஆகிவிட்டது. அவளுடைய முன்பல் ஒன்று போன கதையைத் தெருவில் யாரும் கேட்டதில்லை. பட்டாளத்தான் பெண்டாட்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

கழுத்தில் தொங்கிய துணித் தூளியில் கையைப் போட்டுக்கொண்டு தம்பி சொன்னான். "அக்கா, இனிமே நான் இந்தக் கடைக்கு வரணும்னா மாமாவைச் சங்கிலியில கட்டு. இல்லைன்னா என்னையக் கட்டிப் போடு, தெரிஞ்சே வாங்கிக்கிறேன்."

"ஏண்டா, அவர் என்ன வேணும்னா செய்யறாரு?"

"வேணும்னு செஞ்சாரோ இல்லையோ, கல்லு என் மேலதானே விழுந்துச்சு? அடுத்த தடவை தலையில விழும். அப்ப யாரைக் கேப்பே?"

அவள் தம்பியைப் பார்த்த டாக்டரிடமே புருஷனையும் இழுத்துக்கொண்டு போனாள். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், மண்டைக்குள் அவரைக்கொட்டை அளவில் ஓர் இரும்புத் துண்டு இருப்பதைக் காட்டினார். குண்டுச் சில்லு. இத்தனை வருஷம் சும்மா கிடந்தது, இப்போது நகர்ந்து மூளையை அழுத்துகிறது என்றார். எடுக்காவிட்டால் ஒன்று அவன் சாவான், இல்லை யாரையாவது கொன்றுவிட்டுச் சாவான். இதை எடுக்கத் தெரிந்தவர்கள் பட்டாளத்து ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார்கள், அவர்களும் பட்டாளத்துக் காயம் என்றால் மட்டும்தான் தொடுவார்கள்.

"பட்டாளத்துக் காயந்தானே? அப்ப என்ன கவலை?" என்று அவள் நிம்மதிகூட அடைந்தாள். பாவம்.

அவள் மட்டும் பஸ் ஏறிப் போனாள். அனல் காற்று அடித்த நாள். ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே இருந்த பால் கடையில் ஒரு டீ குடித்தாள். கடைக்காரன் ஆள் நெட்டை, தாடை ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. சில்லறை இல்லை என்றதும், "உள்ள போய்ட்டு வந்து குடும்மா, எங்க ஓடிடப் போறே" என்று கோணல் வாயால் சொன்னான். நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ரெக்கார்டு கிளார்க்குக்கு நல்ல ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே காகிதக் கட்டை எடுத்துப் பிரித்தார், படித்தார், பிறகு அவளைப் பார்க்காமல் சொன்னார்.

"முடியாதும்மா. உங்க வீட்டுக்காரருக்குப் பட்டது போர்க் காயம் இல்ல."

"குண்டு பட்டுதுங்க. படம் இருக்கு, பாருங்க."

"இங்க எழுதியிருக்கிறது, கூட இருந்தவங்களோட அடிதடி பண்ணித் தலையில அடிபட்டதுன்னு. அதனாலதான் மரியாதை இல்லாம அனுப்பியிருக்காங்க. இரும்பு பின்னாடி எங்கயாவது ஏறியிருக்கும்னு சொல்லுவாங்க."

"இரும்பு எங்கய்யா ஏறும்? கோழிக்குள்ள இருந்தா குண்டு வரும்?"

கிளார்க்குக்குச் சிரிப்பு வந்து, சிரித்ததும் இருமல் வந்தது. கெட்ட மனுஷன் இல்லை. கட்டை மறுபடி புரட்டினார். "தப்பா எழுதியிருந்தா திருத்தலாம். அன்னிக்குக் கூட இருந்த ஒருத்தர் என் முன்னாடி வந்து சொல்லணும். உங்க வீட்டுக்காரர் நின்ன மலைக் காவல்ல அன்னிக்குப் பொழைச்சது ரெண்டே பேர். இன்னொருத்தருக்குக் குண்டுக் காயம்னு இருக்கு. காயம்பட்ட வீரர்னு சொல்லித்தான் அவருக்குக் கடை குடுத்திருக்கோம். இதோ வாசல்ல பால் கடை வெச்சிருக்காரே, அவர்தான்."

அவள் ஓட்டமாக வெளியே வந்தாள். விஷயத்தைச் சொன்னாள். நெட்டையன் காய்ச்சிக்கொண்டிருந்த பாலைக் கிண்டுவதை நிறுத்தவில்லை. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது, அப்போதும் நிறுத்தவில்லை.

"அவன் உயிரோட இருக்கானா?" என்றான்.

"இருக்கார்ணே. நீங்க ஒரு வார்த்தை வந்து சொன்னா..."

"அவன் அனுப்பினானா உன்னை?"

"நானாத்தான் வந்தேன்."

"அதானே பார்த்தேன். வீட்டுக்குப் போய் உன் புருஷனைக் கேளு, என் தாடை எப்படி இப்படி ஆச்சுன்னு. கேட்டுட்டு, அவனையே கூட்டிட்டு வா. அவன் வாயால என்கிட்ட கேக்கணும். கேட்டா வர்றேன்." டீக் காசை அவள் நீட்டியபோது வாங்கவில்லை. "உன் காசு எனக்கு வேணாம், போ."

கடை கழுவி முடித்து, ஈரத் தரையில் இருவரும் ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட உட்கார்ந்த மாலையில் அவள் கேட்டாள். அவன் ரொட்டியைக் கீழே வைத்தான்.

"அவன்கிட்ட ஏன் போனே?"

"உங்க உயிரைக் காப்பாத்தத்தான். வேற எதுக்குப் போவாங்க?"

"என் உயிர் கிடக்கட்டும்."

"உங்க உயிரை விடுங்க. என் தம்பி தோளு? என் பல்லு? நாளைக்கு இந்தக் கடையில யார் செத்துக் கிடப்பாங்கன்னு எனக்குத் தெரியணும்ல? அவர் தாடையை யார் உடைச்சது?"

"நான்தான்" என்றான்.

விட்டு விட்டுச் சொன்னான். மூடுபனிக் காலையாம். எதிராளிகள் கல்லெறி தூரத்தில் நடமாடுகிறார்கள், பேச்சுக் குரல்கூடக் கேட்கிறது. நெட்டையன் மீசை அரும்பாத பயல், பட்டாளத்தில் சேர்ந்து மாசம்கூட ஆகவில்லை. பயத்தில் அழ ஆரம்பித்துவிட்டான். வாயைப் பொத்தினாலும் அடங்கவில்லை. குரல் கேட்டால் எல்லோருக்கும் முடிவு. காவலுக்குப் பெரியவன் இவன். துப்பாக்கிக் கட்டையைத் திருப்பி வாயில் அடித்தான்.

"ஒரு அடியில அடங்கிட்டான்" என்றான் புருஷன். "நான்தான் அடங்கல. அடிச்சுக்கிட்டே இருந்தேன். அவன் அழலை, சத்தமே இல்ல, ஆனாலும் அடிச்சேன். ஏன்னு கேக்காத. அப்புறம் குண்டு விழுந்துச்சு. கண்ணு முழிச்சுப் பார்த்தா ஆஸ்பத்திரி. என் காகிதக் கட்டுல அடிதடின்னு எழுதியிருந்தாங்க. சரி, நான் அவனை அடிச்சது தெரிஞ்சு போச்சு போலன்னு இருந்துட்டேன். அவன் பொழைச்சுட்டானாம், கொலைகாரன்னு எழுதலையே, அது போதும்னு இருந்துட்டேன்."

இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்தவன். இரும்பு நகர்ந்ததால்தான் அடிக்கிறான் என்று டாக்டர் சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். இரும்பு ஏறுவதற்கு முன்னாலேயே அடித்திருக்கிறான்.

"அந்தப் பிள்ளைகிட்ட ஒரு தடவையாவது போய் நின்னீங்களா?" என்று கத்திவிட்டாள். கத்தியிருக்கக் கூடாது. நெற்றிப்பொட்டு துடிக்க ஆரம்பித்தது.

அவன் முதலில் தட்டை எறிந்தான், பிறகு அவள் முடியைப் பிடித்தான். வெட்டுக்கட்டை வரை இழுத்து, கழுத்தைக் கட்டையில் வைத்து அழுத்தினான். மற்றொரு கை கத்தியைத் தேடியது. கத்தியைக் கழுவி ஆணியில் மாட்டியிருந்ததால் கைக்கு எட்டவில்லை. அவள் அவன் மணிக்கட்டைக் கடித்தாள். சதை பிய்ந்து வாயில் வரும் வரை கடித்தாள். அவன் ஒரு முறை கத்திவிட்டு, அப்படியே தளர்ந்து சரிந்தான்.

தெளிந்தபோது கையில் ரத்தத்தைப் பார்த்தான். அவள் கழுத்தைப் பார்த்தான். வெட்டுக்கட்டையில் ஒட்டியிருந்த அவளுடைய முடியைப் பார்த்தான். இந்த முறை தண்ணீர் கேட்கவில்லை.

"போகலாம்" என்றான். "கேக்கிறேன்."

கடையைத் தூளிக் கையோடு தம்பி பார்த்துக்கொண்டான். "வழியில ஹாரன் அடிச்சா மாமா டிரைவரை அடிச்சிருவாரு, காதுல பஞ்சு வெச்சுக் கூட்டிட்டுப் போக்கா" என்று அவன் சொன்னது கிண்டலுக்குத்தான். அவள் நிஜமாகவே பஞ்சு வைத்தாள். பஸ்ஸில் அவன் சின்னப் பிள்ளை மாதிரி அவள் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெயில் பொரிந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவள் அவன் நெற்றிப்பொட்டைப் பார்த்துக்கொண்டாள்.

நெட்டையன் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுவிட்டான். டீ குடித்துக்கொண்டிருந்தவர்களை, "குடிச்சது போதும், கிளம்புங்க" என்று விரட்டினான். யாரும் போகவில்லை. வேடிக்கை என்றால் யார் போவார்கள்?

பட்டாளத்தான் காதிலிருந்து பஞ்சை எடுத்தான். அவள் வேண்டாம் என்று ஜாடை காட்டினாள், அவன் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவனுக்கு நரைத்த தலை, இன்னொருவனுக்குக் கோணிய முகம்.

"உனக்கு வயசாயிடுச்சு" என்றான் நெட்டையன்.

"ம்."

"மூணு மாசம் குழாயில கஞ்சி குடிச்சேன். இப்பவும் ரொட்டியை நனைச்சுத்தான் திங்கணும். தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"தெரியாதுல்ல. ஒரு தடவை வந்து பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். சரி, என்ன வேணும் உனக்கு? கேளு."

பட்டாளத்தான் வாயைத் திறந்தான். என்ன சொல்ல வந்தானோ தெரியாது. அந்த நேரம் பார்த்துப் பால் வண்டிக்காரன் காலி கேன்களைக் கல் தரையில் தடதடவென்று இறக்கினான். கோழிக்காரிக்குப் பகீரென்றது. "ஏங்க!" என்பதற்குள் அவன் கடைப் பலகையைத் தாண்டிவிட்டான்.

நெட்டையனின் குரல்வளையில் இரண்டு பெருவிரலையும் பதித்து, அவனைப் பால் அடுப்பின் மேல் சாய்த்தான். கொதிக்கிற பால் கவிழ்ந்து இருவர் கையிலும் கொட்டியது, பிடி தளரவில்லை. இரண்டு ஆண்கள் பின்னாலிருந்து இழுத்தார்கள். ஒருவனை முழங்கையால் குத்தினான், அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மற்றவன் அதைப் பார்த்ததும் தானாகவே விலகிக்கொண்டான். நெட்டையனின் கண் மேலே செருகியது. கால் தரையைத் தேய்த்தது. கடிக்க எட்டாத இடத்தில் நின்றாள் கோழிக்காரி. கையில் அகப்பட்டது ஒரு காலி கேன். ஓங்கிப் புருஷனின் தலையில் அடித்தாள். அவன் திரும்பவில்லை. இன்னொரு முறை, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி அடித்தாள்.

அவன் மரம் சாய்ந்தமாதிரி விழுந்தான். மூக்கில் ரத்தம் வந்தது. நெட்டையன் பலகையைப் பிடித்துக்கொண்டு இருமினான். அவள் இருவருக்கும் நடுவில் கேனோடு நின்றாள். கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தாள். அழுகை வரவில்லை. என் கையும் அவன் கை மாதிரி ஆகிவிட்டதே என்ற பயம்தான் வந்தது.

"மூச்சு இருக்கு" என்றான் நெட்டையன், குனிந்து பார்த்து. அந்தக் குரல் தகரத்தைச் சுரண்டுகிறமாதிரி இருந்தது. "காலைப் பிடி."

சாலையைக் கடந்து தூக்கிக்கொண்டு போனார்கள். வாசல் காவலாள், அனுமதிச் சீட்டு இல்லாத ஆளை உள்ளே விட முடியாது என்று தடுத்தான். நெட்டையன் பட்டாளத்தானை அவன் காலடியிலேயே கிடத்திவிட்டு, "உன் ரெக்கார்டு கிளார்க்கைக் கூப்பிடு. அவர் வரலைன்னா இந்தக் கதவை உடைப்பேன். குண்டுக் காயம்பட்ட வீரன்டா நான், கதவை உடைச்சா என்னை என்ன பண்ணுவே?" என்றான். கிளார்க் கைக்குட்டையோடு ஓடிவந்தார். ஆஸ்பத்திரி டாக்டரும் தள்ளுவண்டியோடு வந்தார்.

"தலையில இது என்ன, புது வீக்கம்?" என்றார் டாக்டர்.

"படியில விழுந்துட்டான்" என்றான் நெட்டையன். "நான் சொல்லவேண்டியது வேற. எழுதிக்கோங்க. இவனுக்குப் பட்டதுதான் குண்டு. எனக்குப் பட்டது இல்ல."

கிளார்க் திகைத்துப் போனார். "அப்ப இத்தனை வருஷம்..."

"இத்தனை வருஷமும் இவன் காயத்தை வெச்சுத்தான் நான் பால் வித்தேன். எழுதுங்க. குண்டு விழுந்ததும் இவன் கோட்டுல தீப் பிடிச்சிடுச்சு. அதைக் கழட்டி அணைச்சுட்டு, என் கோட்டை இவனுக்குப் போர்த்திவிட்டேன். எனக்குக் குளிர் தாங்கல, கருகின இவன் கோட்டை நான் போட்டுக்கிட்டேன். அப்படியே ரெண்டு பேரையும் தூக்கிட்டு வந்துட்டாங்க."

கிளார்க்குக்கு அப்போதுதான் புரிந்தது. மலையடிவாரத்தில் கூட்டங்கூட்டமாகக் காயக்காரர்கள் வந்து இறங்குவார்கள். சேறும் ரத்தமுமாக முகமே தெரியாது. கோட்டுக் காலரில் தைத்த நம்பரைத்தான் பார்த்து எழுதுவார்கள். முதல் சீட்டில் எழுதினதை அதற்கப்புறம் யாரும் மாற்றுவதில்லை. நெட்டையனின் உடைந்த தாடை பட்டாளத்தான் பேரிலும், பட்டாளத்தானின் குண்டு நெட்டையன் பேரிலும் ஏறிவிட்டது.

"உங்களை அடிச்சவருக்கா கோட்டைப் போர்த்தினீங்க?" கோழிக்காரியின் வாயிலிருந்து தானாக வந்தது. மெதுவாகத்தான் கேட்டாள், மற்றவர்கள் காதில் விழவில்லை.

"குளிர்ல நடுங்கினான். எனக்கு அப்ப என்ன வயசு? தோணிச்சு, செஞ்சேன். பின்னாடி யோசிச்சிருந்தா செஞ்சிருக்க மாட்டேன்." அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "வாய் கட்டு பிரிக்கும்போது என் காகிதத்துல குண்டுக் காயம்னு இருந்துச்சு. வாயை மூடிக்கிட்டேன். மூட எனக்கு உரிமை இருக்குன்னு நினைச்சேன்."

கிளார்க் குனிந்து எழுதிவிட்டு நிமிர்ந்தார். "அப்ப அடிதடிக் காயம் உங்களுது. யார் அடிச்சது?"

நெட்டையன் தள்ளுவண்டியில் கிடந்தவனைப் பார்த்தான். டாக்டரின் கை இன்னும் வண்டியைப் பிடித்தபடி நின்றது; அடித்தவன் பெயரைச் சொன்னால் வண்டி உள்ளே போகாது.

"மூடுபனி" என்றான். "முகம் தெரியல."

"யாருன்னு தெரியலைன்னா, நீங்களும் சேர்ந்து போட்ட அடிதடின்னுதான் ஆகும். கடை போயிடும். மேல இருந்தவன் கை நீட்டினான்னு இருந்தா, அது உங்க தப்பு இல்ல, காயமும் பட்டாளத்துக் காயம்தான். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"சொல்லிட்டேன். முகம் தெரியல."

கோழிக்காரி வாயைத் திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கிளார்க் கையெழுத்துப் போட்டார், முத்திரை குத்தினார். டாக்டர் வண்டியை உருட்டச் சொன்னார். வண்டி நீளமான நடையில் போய், கடைசிக் கதவுக்குள் நுழைந்து, கதவு மூடி, மேலே சிவப்பு விளக்கு எரியும் வரை அவள் அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றாள். இனி தலையைத் திறந்தவர்கள் பாதியில் மூடமாட்டார்கள் என்று தெரிந்த பிறகு திரும்பினாள்.

"ஐயா, காகிதக் கட்டைக் கட்டாதீங்க. இன்னும் இருக்கு" என்றாள்.

"என்னம்மா?"

"இவர் தாடையை உடைச்சது இப்ப உள்ள போனவர்தான். காவலுக்குப் பெரியவர் அவர். துப்பாக்கிக் கட்டையால அடிச்சார். அவர் வாயாலயே என்கிட்ட சொன்னார். எழுதுங்க."

"ஏய்!" என்றான் நெட்டையன். "உனக்குப் பைத்தியமா? நான்தான் சொல்லலையே!"

"நீங்க சொல்ல வேணாம்ணே. உங்க கடையை வித்து என் புருஷனை நான் வாங்க வரல. ஐயா, இன்னொண்ணு. அவர் படியில விழல. கேனால அடிச்சது நான். ரெண்டு அடி. இல்லைன்னா இந்த அண்ணன் செத்திருப்பார். அதையும் எழுதுங்க. கட்டுல இனி ஒரு பொய் இருக்கக் கூடாது."

கிளார்க் பேனாவை வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவள் கழுத்தில் வெட்டுக்கட்டை பதிந்த தடம் கன்றிக் கிடந்தது. பக்கத்தில் நெட்டையன் கழுத்தில் பெருவிரல் இரண்டும் பதிந்த நீலம்.

"யோசிச்சுப் பேசும்மா" என்றார். "எழுதிட்டா அழிக்க முடியாது. அவர் கண்ணு முழிச்சதும் விசாரணைக்குக் கூப்பிடுவாங்க. எழுந்து நின்னு பதில் சொல்லியாகணும்."

"எழுந்து நிக்கட்டும்யா" என்றாள் கோழிக்காரி. "அதுக்குத்தானே உள்ள அனுப்பியிருக்கேன்."